மூன்றாவது சாவி

புதிதாக வாங்கும் நைட் லாட்ச் பூட்டின் பெட்டிக்குள் மூன்றோ நான்கோ சாவிகள் இருக்கும். சென்னையில் வாடகைக்கு வீடு பிடிப்பவரின் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இரண்டு. அட்வான்ஸ் எத்தனை மாதம், தண்ணீர் லாரிக்கு யார் பணம் கொடுப்பது, கவுச்சி சமைக்கலாமா, சுவரில் ஆணி அடிக்கலாமா என்று பேச்சு நீளும். மிச்சச் சாவியைப் பற்றி மட்டும் பேச்சு எழாது. கேட்டால் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டதுபோல் ஆகிவிடுமே என்ற கூச்சம் குடிவருகிறவருக்கு. கேட்காதவரை சொல்லத் தேவையில்லை என்ற சௌகரியம் வீட்டுக்காரருக்கு.

இந்த மௌனத்துக்கு வயது அதிகமில்லை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்து ஒண்டிக்குடித்தன வீடுகளில் அறைக் கதவுக்கு வீட்டுக்காரர் கொடுத்தது நாதாங்கியும் கொண்டியும்தான். பூட்டு குடிவருகிறவருடையது. திண்டுக்கல்லில் செய்த மாங்காய்ப் பூட்டோ வேறொன்றோ, பாத்திரம் பண்டங்களோடு வண்டியில் வந்து இறங்கும். காலி செய்யும்போது அதே வண்டியில் ஏறிப் போகும். அந்த வீடுகளில் அந்தரங்கம் என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. கிணறு பொது, கழிப்பறை பொது, யார் வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்பதும் பொது. ஆனால் பூட்டிய அறையின் சாவி பூட்டியவரின் இடுப்பில் இருந்தது. இன்னொரு சாவி இருக்குமோ என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

அடுக்ககங்கள் வந்தபோது பூட்டு கதவின் பலகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தச்சர் துளை போட்டுப் பொருத்திய பூட்டு கட்டடத்தின் உறுப்பாயிற்று. கட்டடம் யாருடையதோ பூட்டும் அவருடையது, சாவியும் அவருடையது. குடியிருப்பவருக்கு அதில் இரண்டு பிரதிகளைப் பயன்படுத்தும் அனுமதி. யாரும் கூடிப் பேசி இப்படித் தீர்மானிக்கவில்லை. தச்சு வேலையில் வந்த மாற்றம் உரிமையிலும் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்துவிட்டது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, நகரத்து வாடகை வீடுகளில் அது தொங்குவதற்கான கொண்டி அனேகமாக மறைந்திருந்தது.

வீட்டுக்காரர்கள் ஒரு சாவியைத் தங்களிடம் வைத்துக்கொள்வதற்குச் சொல்லும் காரணங்களைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. சென்னைக்கே உரிய ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். மேல்நிலைத் தொட்டி வறண்டிருக்கும் காலையில் குழாயைத் திறக்கிறார்கள், தண்ணீர் வரவில்லை, மூட மறந்து அலுவலகம் போய்விடுகிறார்கள். பத்து மணிக்கு லாரி வந்து, மோட்டார் போட்டு, தொட்டி நிரம்புகிறது. பூட்டிய வீட்டுக்குள் குழாய் கொட்டிக்கொண்டே இருக்கிறது. வாசற்படிக்கடியில் தண்ணீர் கசிந்து படியிறங்கும்போதுதான் கீழ்வீட்டுக்காரர் மேலே ஓடுகிறார். எரிவாயு வாடை, மின்கசிவு, தனியாக வசிக்கும் முதியவர் போனை எடுக்காத காலை என்று பட்டியல் நீளும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் தரைத்தளங்களை மூழ்கடித்த இரவை அனுபவித்த கட்டடங்களில், பூட்டிக் கிடக்கும் தரைத்தள வீட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி எங்கேயாவது இருக்கட்டும் என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

இன்னொரு பயம் பணம் சார்ந்தது. மூன்று மாத வாடகையைப் பாக்கி வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு காணாமல் போகும் குடித்தனக்காரர், 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் தலைமுறை தாண்டி இழுத்த வழக்குகள் – இவற்றைக் கேட்டு வளர்ந்த வீட்டுக்காரருக்குச் சாவி ஒரு தைரியம். சட்டப்படி அந்தத் தைரியத்துக்கு மதிப்பு குறைவு. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், ஆறாம் பிரிவில், சட்ட வழியல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அனுபோகத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது. அந்த வழக்கில் வீடு யார் பேரில் இருக்கிறது என்பது பொருட்டே அல்ல.

அவசரக் காரணத்தைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் அதிலும் பாதி கதவுக்கு வெளியிலேயே தீர்ந்துவிடுகிறது. கொட்டும் குழாயை நிறுத்த மொட்டைமாடியில் அந்த வீட்டுக்குப் போகும் குழாயின் வால்வை மூடினால் போதும். தனித்தனி வால்வு வைக்காமல் கட்டியது கட்டியவரின் சிக்கனம். மின்சாரத்தைத் துண்டிக்க மீட்டர் பலகையில் ஃப்யூஸைப் பிடுங்கலாம். உள்ளே போயே ஆகவேண்டியவை சிலிண்டர் கசிவு, நெருப்பு, மயங்கிக் கிடக்கும் மனிதர். இவற்றில் நெருப்புக்குச் சாவியைத் தேடிக்கொண்டு யாரும் நிற்பதில்லை. தீயணைப்புத் துறையினர் கதவை உடைப்பார்கள், உடைக்கவும் வேண்டும். ஆக மாற்றுச் சாவி உண்மையிலேயே பயன்படும் தருணங்கள் குறைவு. ஆனால் அந்தக் குறைவான தருணங்களில் அதற்கு ஈடு கிடையாது. அப்போதும் சாவி தேவைப்படுவது பக்கத்தில். அண்ணா நகரில் வீட்டை விட்டுவிட்டு நியூஜெர்சியில் இருக்கும் உரிமையாளரின் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் சாவியால் எந்த சிலிண்டரையும் மூட முடியாது.

சாவி வைத்திருப்பதன் ஆபத்தைப் பேசும்போது திருட்டுதான் முதலில் நினைவுக்கு வரும். திருடன் பூட்டை உடைப்பான், பீரோவைக் கலைப்பான். வந்து போனது தெரியும். சாவியோடு வருகிறவர் வந்த சுவடே இல்லாமல் திரும்பிவிட முடியும். மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு, காலையில் நேராக வைத்த திரைச்சீலை சற்று விலகியிருப்பதாகத் தோன்றும். தோன்றல்தானே என்று விட்டுவிடுவார். அடுத்த நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்த மீன் பொட்டலம் பற்றி வீட்டுக்கார மாமி நயமாக ஒரு வார்த்தை கேட்கும்போது, தோன்றல் வேறாகிவிடும். தாழ்ப்பாள் உள்ளே ஆள் இருக்கும்போதுதான் காக்கும். ஆளில்லாத நேரத்தில் மாற்றுச் சாவிக்கு எதிராகக் கதவில் எதுவுமே இல்லை.

2024 செப்டம்பரில் டெல்லி ஷகர்பூரில் வெளிவந்த வழக்கு இதன் கொடிய எல்லை. குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இளம்பெண், ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டு உரிமையாளரின் மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். தன் வாட்ஸாப் கணக்கு தெரியாத மடிக்கணினி ஒன்றோடு இணைந்திருப்பதைக் கண்டு சந்தேகப்பட்டுத் தேடியபோது, குளியலறை பல்பு ஹோல்டருக்குள் ஒரு கேமரா அகப்பட்டது. போலீஸ் வந்து தேடியதில் படுக்கையறையிலும் இருந்தது. அவை இணையம் வழியாகப் படம் அனுப்பும் வகையல்ல. நினைவக அட்டையை எடுக்க மறுபடி மறுபடி உள்ளே போகவேண்டியிருந்தது. அதற்காக, மின்விசிறி ரிப்பேர் என்று சொல்லி அந்த ஆள் சாவியைக் கேட்டு வாங்கியதாகப் போலீஸ் கூறியது. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் பெண்கள் விடுதி நடத்திய ஒருவர் கைதானபோதும் கேமராக்கள் பிளக் பாயிண்ட் போன்ற இடங்களில்தான் இருந்தன. இரண்டிலும் குற்றம் கேமராவின் பேரில் பதிவானது. அதற்கு முன் ஆளில்லாத அறைக்குள் நிதானமாக நின்று வேலை பார்க்க ஒருவருக்கு அவகாசம் கிடைத்திருந்தது.

ஷகர்பூர் பெண் சாவியைத் தானே கொடுத்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வீட்டுக்காரர் வைத்துக்கொள்வதா கூடாதா என்று கேள்வியைச் சுருக்கினால் அவர் நிலைமைக்குப் பதில் கிடைக்காது. நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் சாவி இருக்கும். அது பூட்டில் எப்போது திரும்பியது என்பது தெரியவேண்டும். அவருக்கு அந்தத் தகவல் இல்லாமல் போயிற்று.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் பலர் நினைப்பதைவிடத் தெளிவாகவே இருக்கிறது, சாவி என்ற சொல்லைத்தான் தவிர்க்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அத்துமீறலை வரையறுத்தபோது, இன்னொருவரின் அனுபோகத்தில் இருக்கும் இடம் என்றது. இன்னொருவருக்குச் சொந்தமான இடம் என்று சொல்லவில்லை. மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ எண்ணி உள்ளே நுழைந்தால், நுழைந்தவர் பேரில் பத்திரம் இருப்பது காப்பாற்றாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவும் இதையே தொடர்கிறது.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் வாடகை நிர்ணயத்தையும் வெளியேற்றத்தையும் சுற்றியே நின்றது. அதை மாற்றி வந்த 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர்கள் மற்றும் குத்தகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. பழுதுபார்க்கவோ வீட்டின் நிலையைப் பார்க்கவோ உள்ளே வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டம் இன்னும் ஒரு படி போய், சூரிய உதயத்துக்கு முன்பும் அஸ்தமனத்துக்குப் பின்பும் வரக்கூடாது என்கிறது. வெள்ளம், தீ, புயல் போன்ற அவசரங்களுக்கு விலக்கு உண்டு. அந்த மாதிரிச் சட்டத்தின் பின்னிணைப்பில், எந்தப் பழுது யார் செலவு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் குழாய் பதிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், அவற்றோடு கதவுப் பூட்டை மாற்றுவதும் குடியிருப்பவர் பொறுப்பு. செலவைப் பங்கு போடும்போது சட்டம் போகிற போக்கில் பூட்டைக் குடியிருப்பவர் பக்கம் தள்ளிவிட்டது. பூட்டு அவர் செலவு என்றால் அதன் சாவிகளும் அவருடையவை என்று வாதிட அங்கே ஒரு வழி திறந்திருக்கிறது. மாநிலங்கள் ஏற்றால்தான் மாதிரிச் சட்டத்துக்கு உயிர் என்பது வேறு விஷயம்.

சாவி விஷயத்தில் உலகம் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை. பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகையில் வாழும் ஜெர்மனியில், வீடு ஒப்படைக்கப்படும்போது எல்லாச் சாவிகளையும் கொடுத்துவிட வேண்டும். குடியிருப்பவர் சம்மதித்தால் ஒழிய வீட்டுக்காரர் ஒன்றையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நிலைத்த நடைமுறை. குடியிருப்பவர் பூட்டின் சிலிண்டரைக் கழற்றித் தன்னுடையதைப் பொருத்திக்கொள்ளலாம், காலி செய்யும்போது பழையதைத் திரும்ப மாட்டிவிட்டால் போதும். இதன் மறுபக்கம் ஒரு கடமை: நீண்ட நாள் வெளியூர் போகிறவர், அவசரத்துக்கு உள்ளே போக ஒரு வழி செய்துவிட்டுப் போக வேண்டும். நம்பிக்கையான அண்டைவீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, அது யாரிடம் இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குச் சொல்வது வழக்கம். 1993இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், குடியிருப்பவரின் அனுபோக உரிமையே ஒரு சொத்துரிமைதான் என்று தீர்ப்பளித்தது.

அங்கேயும் சச்சரவு இல்லாமல் இல்லை. 2012 ஆகஸ்டில் ஒரு வீட்டுக்கார அம்மாள், புதிதாகப் பொருத்திய புகை எச்சரிக்கைக் கருவிகளைப் பார்க்க முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் தன் வாடகை வீட்டுக்கு வந்தார். பார்த்து முடித்ததும் மற்ற அறைகளையும் சுற்றிப் பார்க்கத் தொடங்கினார். குடியிருந்தவர் வேண்டாம் என்றார். அம்மாள் கேட்கவில்லை, ஜன்னலைத் திறந்தார், ஜன்னல் விளிம்பில் இருந்த பொருள்களை நகர்த்தினார், வெளியே போகவும் மறுத்தார். குடியிருந்தவர் அவரை இரு கைகளாலும் கட்டித் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே இறக்கிவிட்டார். அம்மாள் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். கீழ் நீதிமன்றம் ரத்து செல்லாது என்றது, மேல்முறையீட்டில் செல்லும் என்றார்கள், 2014 ஜூன் 4 அன்று உச்ச நிலை நீதிமன்றம் திரும்பவும் செல்லாது என்றது. குறிப்பான காரணம் எதுவும் இல்லாமல் அவ்வப்போது வந்து பார்க்கும் உரிமை வீட்டுக்காரருக்குக் கிடையாது, அப்படி ஒப்பந்தத்தில் எழுதி வைத்தாலும் அந்த விதி செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். ஆளைத் தூக்கியது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் அதைத் தூண்டியது அம்மாளின் நடத்தை என்று நீதிபதிகள் எடைபோட்டார்கள்.

நியூயார்க் நேர் எதிர்த்திசை. அம்மாநிலத்தின் பன்மனைச் சட்டம் 51-சி பிரிவு, குடியிருப்பவர் தன் கதவில் தனியாக ஒரு பூட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறது; அதன் சுற்றளவு மூன்று அங்குலத்துக்கு மிகக்கூடாது என்று அளவுகூடச் சொல்கிறது. ஆனால் கேட்டால் மாற்றுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாக வேண்டும். இதற்கு அந்த நகரத்தின் கட்டட அமைப்பே காரணம். ஒரே கொதிகலனிலிருந்து எல்லா வீட்டுக்கும் வெப்பம் போகும், எரிவாயு குழாய் வழியாகச் சுவருக்குள் ஓடும். ஒருவர் வீட்டுக் கோளாறு மாடி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஒன்பதோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள கட்டடங்களுக்கு அங்கேயோ அருகிலோ வசிக்கும் பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. சாவி அவரிடம் இருக்கும்; அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அங்கே சாவி ஒரு பணியாளின் பொறுப்பில் இருக்கிறது. சென்னையில் அதே சாவி உரிமையாளரின் சலுகையாக அவர் கைப்பையில் கிடக்கிறது.

வீட்டுக்காரரின் கையில் இருக்கும் சாவியை அரசு கடன் கேட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியும் உண்டு. 1958 பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு வீட்டுக்காரர் குடியிருப்பவரைத் தேவாலயத்துக்கு அழைக்கப் போனார். வீடு பூட்டியிருந்தது, உள்ளிருந்து சாராய ஊறல் வாடை வந்தது. போலீசை அழைத்தார், அவர் சம்மதத்தோடு அவர்கள் ஜன்னல் வழியாக இறங்கினார்கள், உள்ளே ஏறக்குறைய 1,300 காலன் ஊறல் இருந்தது. 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சோதனை செல்லாது என்றது: குடியிருப்பவர் சார்பில் சம்மதம் கொடுக்க வீட்டுக்காரருக்கு அதிகாரம் இல்லை. இந்தியாவில் 1962இல் கரக் சிங் வழக்கில், கண்காணிப்பில் உள்ளவரின் கதவை போலீஸ் இரவில் தட்டும் விதியை உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று நீக்கியது. ஐம்பது ஆண்டு கழித்து, 2012 பிப்ரவரியில், வேளச்சேரி வாடகை வீடு ஒன்றில் வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் சென்னையில் குடியிருப்பவர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்கும்படி வீட்டுக்காரர்களுக்கு உத்தரவு வந்தது. உத்தரவு கேட்டது பெயரும் முகவரியும்தான். ஆனால் குடித்தனக்காரர்மேல் ஒரு கண் வைத்திருப்பது குடிமகன் கடமை என்ற எண்ணம் அதோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவதற்கு அது கௌரவமான காரணமாயிற்று.

மின்னணுப் பூட்டு வந்தால் இந்தச் சிக்கல் தீரும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். யார், எப்போது திறந்தார்கள் என்று பூட்டே எழுதி வைக்குமாம். எழுதி வைப்பது உண்மை. ஆனால் அந்த ஏடு யாரிடம்? சாதாரணச் சாவி, வீட்டுக்காரர் வந்து போன தடத்தை மறைத்தது. மின்னணுப் பூட்டு, குடியிருப்பவர் வந்து போகும் தடம் முழுவதையும் வீட்டுக்காரர் முன் விரிக்கிறது. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு வீட்டுக்காரர் செயலியால் இயங்கும் பூட்டைப் பொருத்தியபோது குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019 மே மாதச் சமரசத்தில் அவர்களுக்கு உலோகச் சாவி திரும்பக் கிடைத்தது. புரூக்ளினின் அட்லாண்டிக் பிளாசா டவர்ஸில் 700க்கு மேற்பட்ட வீடுகள். அங்கே முகத்தைப் பார்த்துத் திறக்கும் வாயிலைக் கொண்டுவர 2018இல் முயன்றார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் எழுத்து மூலம் ஆட்சேபித்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. 2021இல் நியூயார்க் நகரம் இயற்றிய சட்டம், இத்தகைய பதிவுகளை 90 நாளுக்குள் அழிக்கவேண்டும் என்கிறது. நம் ஊர் அடுக்ககங்களில் வாசல் செயலி வீட்டு வேலைக்கு வருகிறவரின் வருகை நேரத்தையும் உணவு கொண்டுவரும் பையனின் பெயரையும் சேர்த்துக்கொண்டே போகிறது. எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேள்வி எழுவது அபூர்வம்.

இந்த வழக்குகளையும் விதிகளையும் சேர்த்துப் பார்த்தால், அவசரத்துக்கு ஒரு மாற்றுச் சாவி இருப்பதில் பெரிய தவறில்லை. அது இருப்பது குடியிருப்பவருக்குத் தெரியாமல் இருப்பதும், பயன்பட்டது தெரியாமல் போவதும்தான் தவறு. இரண்டையும் தவிர்க்கும் வழி எளிது. சாவியை உறையிலிட்டு, ஒட்டிய மடிப்பின்மேல் குடியிருப்பவர் கையெழுத்துப் போட்டு, அவர் தேர்ந்தெடுத்த ஒருவரிடம் – அது பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், வீட்டுக்காரராகவும் இருக்கலாம் – கொடுத்துவைக்கலாம். பிரித்தால் பிரித்தது தெரியும். பிரிக்க நேர்ந்தால் அதே மணி நேரத்தில் போனில் ஒரு செய்தி. ஒவ்வொரு முறை குடித்தனம் மாறும்போதும் பூட்டின் சிலிண்டரையும் மாற்றிவிடுவது இன்னும் நல்லது. ஏனெனில் பழைய சாவிகளின் கணக்கு வீட்டுக்காரருக்கே தெரியாது. முந்தைய குடித்தனக்காரர், அவர் வீட்டில் வேலை செய்தவர், வீடு காட்ட வந்த புரோக்கர், பெயின்ட் அடிக்க வந்தவர் என்று பலர் கையில் தங்கிய சாவி அது. தெருமுனையில் சாவி செய்பவர் சில நிமிடங்களில் ஒன்று வெட்டிக் கொடுத்துவிடுவார்.

வீட்டுக்காரரின் சுயநலமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. பூட்டு உடையாமல் நகை காணாமல் போன வீட்டில் போலீஸ் கேட்கும் முதல் கேள்வி, இன்னொரு சாவி யாரிடம் என்பதுதான். சாவியே வைத்திராத வீட்டுக்காரருக்கு அந்த விசாரணையில் வேலையில்லை. வைத்திருப்பவர், தான் உள்ளே போகவில்லை என்பதை நிரூபிக்க வழி தேட வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து, சாவியைக் கீழே வாட்ச்மேனிடம் விட்டுவைத்திருந்தால், காவல் நிலையத்தின் பெஞ்சில் முதலில் உட்காரப்போவது அந்த வாட்ச்மேன். ஏஜென்சி மூலம் மாதச் சம்பளத்துக்கு வந்தவர். எந்தச் சாவியை யார் எப்போது வாங்கிப் போனார்கள் என்று எழுத அவருக்கு ஒரு நோட்டுப் புத்தகம்கூட யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை.